செல்லச்சாமிக்குக் கிடைத்த வரம்

கட்டுகஸ்தோட்டையில் மடவளைக்குத் திரும்பும் வீதியில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஜீவ ஊற்றுச் சபைக்கு வந்து போனவர்கள் எல்லோருக்கும் செல்லச்சாமியின் குரல் தெரியும். ஆளைத் தெரியுமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பாஸ்டர் லயனல் சிங்களத்தில் பிரசங்கம் செய்வார். இரண்டடி பின்தள்ளி நின்று செல்லச்சாமி அதைத் தமிழில் சொல்லுவார். பாஸ்டர் கையை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார். பாஸ்டர் குரலைத் தாழ்த்தினால் இவரும் தாழ்த்துவார். "நான் பதினெட்டு வருஷம் குடிகாரனாக இருந்தேன்" என்று பாஸ்டர் தன் பழைய கதையைச் சொன்னால், வாழ்நாளில் ஒரு மிடறு சாராயம் குடித்தறியாத செல்லச்சாமியும் "நான் பதினெட்டு வருஷம் குடிகாரனாக இருந்தேன்" என்று தொண்டை அடைக்கச் சொல்லுவார். புதிதாக வந்த இரண்டொருவர் ஆராதனை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குடியை எப்படி விட்டீர்கள் என்று கேட்டதும் உண்டு.

வாரநாட்களிலும் அவருக்கு இதே பிழைப்புத்தான். கண்டியில் நீதிமன்றத்தில் இருபத்துநாலு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சட்டத்தரணிகள் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அங்கேயும் எல்லாம் 'நான்'தான். "நான் களவெடுக்கவில்லை" என்பார் காலையில். "நான் அவனை அடித்தேன்" என்பார் மத்தியானம். பின்னேரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால்தான் அவர் செல்லச்சாமி. சாட்சி சொன்னதில் ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்த வேலை அது. அந்தச் சத்தியத்தை இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நாளும் மீறவில்லை என்பதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான் என்பதால் அதை நாம் மன்னித்துவிடலாம்.

சபையின் சுவரில் 'நாங்கள் விசுவாசிப்பவை' என்று ஒரு பெரிய பலகை தொங்குகிறது. பதினொரு வசனம், இடது பக்கம் சிங்களம், வலது பக்கம் தமிழ். தமிழ் செல்லச்சாமி எழுதியது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே தேவன், வேதம் தேவனுடைய வார்த்தை, மனுஷன் தன் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் இரட்சிக்கப்படுகிறான், முழுக்கு ஞானஸ்நானம், இயேசு மறுபடி வருவார். ஒவ்வொன்றையும் எழுதும்போது அவர் தனக்குள்ளே கேட்டுப் பார்த்தார்: நீ இதை நம்புகிறாயா? நம்புகிறேன் என்று உள்ளே இருந்து பதில் வந்தது. கிருபையைப் பற்றிய வசனத்தை எழுதியபோது அழுதேவிட்டார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தால்தான் அன்றைக்குச் சம்பளம் என்று வளர்ந்தவருக்கு, வேலை செய்யாமலே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஒரு துரை இருக்கிறார் என்பது சாதாரண செய்தி இல்லை.

எட்டாவது வசனத்தில்தான் பேனா நின்றது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றவர்களுக்கு அந்நியபாஷை பேசுவது அடையாளம் என்று அது சொன்னது. நம்பாமல் இல்லை. கண்ணால் பார்க்கிறாரே. அவர் மனைவி பாப்பம்மாவுக்குச் சபைக்கு வந்த மூன்றாவது கிழமையே அபிஷேகம் வந்துவிட்டது. யாருக்கும் விளங்காத அந்தப் பாஷையைப் பாப்பம்மா சோறு வடிக்கும்போதும் பேசுவாள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உதட்டுக்குள் பேசுவாள். செல்லச்சாமிக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை. உபவாசம் இருந்தார். கை வைத்து ஜெபித்தார்கள். நாக்கைத் தளர விடுங்கள் பிரதர் என்று புத்தி சொன்னார்கள். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷை சரளமாகப் பேசுகிற நாக்கு நாலாவதற்கு மட்டும் கல்லாகிக் கிடந்தது. சபையில் யாரும் அவரைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் "பிரதருக்கும் சீக்கிரம் கர்த்தர் குடுப்பார்" என்று அவர்கள் ஆறுதல் சொல்லும்போது, பிள்ளை இல்லாதவருக்குச் சொல்வதுபோல இருக்கும். அது அவருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம், பாஸ்டர் லயனல் அந்தப் பலகையில் இருப்பதை ஞாயிற்றுக்கொன்றாகப் போதிக்கத் தொடங்கினார். எட்டாவது ஞாயிறு வந்தது. செல்லச்சாமி அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நிலையில் இருந்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நீதிமன்றத்தில் ஒரே வழக்கு: கல்யாண வீட்டில் நடந்த கத்திக்குத்து. சாட்சிக்கூட்டில் நின்ற தமிழ்ப் பெண்ணை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திருப்பித் திருப்பிக் குடைந்துகொண்டிருந்தார். மூன்று நாளும் செல்லச்சாமியின் வாய் ஓயவில்லை. சனிக்கிழமை நாவலப்பிட்டியில் பெரியப்பா மகனின் சாவீடு. போய் அடக்கம் முடித்து, கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். ஞாயிறு காலை ஒலிவாங்கியைப் பிடித்தபோது கால் நிலத்தில் இருப்பது அவருக்கு நிச்சயமில்லை.

ஆனால் பழகிய வாய்க்குத் தூக்கம் ஒரு தடையா. பாஸ்டர் அடுத்து என்ன சொல்லுவார் என்பது பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு மனப்பாடம். சில நாள் பாஸ்டர் முடிக்கும் முன்னே தமிழில் முடித்துவிடுவார். அன்றும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஒரு வசனம், இவர் ஒரு வசனம். நடுவில் பாஸ்டர் ஆவியில் நிறைந்து, சிங்களத்தை விட்டு அந்நியபாஷைக்குள் போய்விட்டார். வழக்கமாக அந்த இடத்தில் செல்லச்சாமி ஒலிவாங்கியை நெஞ்சோடு தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு சபை அமைதியாகக் காத்திருக்கும். அந்நியபாஷை சத்தமாக வந்தால் யாராவது ஒருவருக்கு அதன் அர்த்தத்தைக் கர்த்தர் கொடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. அர்த்தம் சொல்லும் வரம் என்று அதற்குப் பெயர். அந்தச் சபையில் முன்வரிசைச் சிங்கள அம்மா ஒருவருக்கு மட்டும் அது உண்டு.

அன்றைக்குச் செல்லச்சாமி ஒலிவாங்கியைத் தாழ்த்தவில்லை. பாஸ்டரின் குரல் நின்ற இடத்தில் இவர் வாய் தன்பாட்டில் திறந்தது.

"மகளே, பயப்படாதே. கத்தி உன் உடம்பில் படாது."

சொன்ன பிறகுதான் விழித்தார். மண்டபத்தில் ஒரு கதிரை அசையவில்லை. பாஸ்டர் திரும்பி, ஈரக் கண்ணோடு அவரைப் பார்த்தார். பிறகு அவரே முதலில் "அல்லேலூயா" என்றார், மாடி அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் பாப்பம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் பேச்சியம்மா எழுந்து முன்னால் வந்தாள். மடவளைச் சந்தியில் ஹாஷிம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் விதவை. ஐம்பது வயது இருக்கும். வலது மார்பில் புற்றுக் கட்டி. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். சபையில் இரண்டு மாதமாக அவளுக்காக ஜெபம் நடக்கிறது. அவளுடைய அக்காவுக்கும் இதே கட்டி வந்து, இதே ஒப்பரேஷன் செய்து, அக்கா மேசையில் இருந்து எழும்பவே இல்லை. அதனால் பேச்சியம்மா கட்டியை விடக் கத்திக்குத்தான் அதிகம் பயந்தாள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். செல்லச்சாமிக்கும் தெரியும்.

"கர்த்தர் எனக்குத்தான் பேசினாரு," என்றாள் பேச்சியம்மா. "என் கட்டிய அவரு பாத்துக்குவாரு. நான் இனி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்காது."

சாட்சி தமிழில் வந்தால் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியதும் செல்லச்சாமியின் வேலைதானே. ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்திருந்த கையை மடக்கித் தன் வாயருகே கொண்டுவந்தார். "கர்த்தர் எனக்குத்தான் பேசினார். என் கட்டியை அவர் பார்த்துக்கொள்வார். நான் இனி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்காது" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சிங்களப் பக்கமும் கைதட்டியது.

அன்றைய பகல் முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதை மறைப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. படியிறங்கும்போது ஆட்கள் அவர் கையைத் தொட்டார்கள். பாப்பம்மா சவ்வரிசிப் பாயசம் காய்ச்சினாள். "பன்னெண்டு வருஷம் காக்க வச்சாரு, குடுக்கறப்ப எனக்கில்லாத வரத்தையில்ல உங்களுக்குக் குடுத்திருக்காரு," என்று அவள் சிரித்தாள். செல்லச்சாமி சாப்பிட்டுவிட்டுப் படுத்து, குழந்தையைப்போல் தூங்கினார். பேச்சியம்மாவைப் பற்றி ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆனால் கர்த்தர் சொன்னால் சொன்னதுதான் என்று அதைத் தள்ளிப் போட்டார்.

திங்கட்கிழமை கத்திக்குத்து வழக்கு தொடர்ந்தது. அதே பெண் கூண்டில் ஏறினாள். சட்டத்தரணி கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலேயே தொடங்கினார். செல்லச்சாமி வழமைபோல் அதைத் தமிழாக்கினார்.

"பயப்படாம சொல்லும்மா. கத்தி உன் உடம்பில படல்ல, அப்படித்தானே?"

சொல்லி முடித்ததும் அவருக்கு முதுகில் குளிர் ஏறியது. இந்தக் கேள்வியை மூன்று நாளில் நாற்பது தரமாவது சொல்லியிருப்பார். பயப்படாமல் சொல். கத்தி உன் உடம்பில் படவில்லை. அந்தப் பெண் பதில் சொன்னாள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாகச் செல்லச்சாமி சாட்சியிடம், சொன்னதைத் திருப்பிச் சொல்லம்மா என்று கேட்க வேண்டி வந்தது.

அன்று மாலை பாப்பம்மாவிடம் சொன்னார். அவள் கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாளாச்சும் ஒங்களால சந்தோஷமா இருக்க முடியல்ல இல்ல," என்றாள். "கோட்டுல பேசுற பேச்ச வச்சுக் கர்த்தர் பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"பேசலாம். நான் கூடாதுன்னு சொல்லல்ல."

"பொறகு என்ன?"

"அந்தம்மா செத்துப் போனா?"

பாப்பம்மா சட்டியை மறுபடி எடுத்து, ஏற்கெனவே கழுவியதையே இன்னொரு தரம் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சபைக்குப் போனார். பாஸ்டர் லயனல் மேல்மாடியில் தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரஷருக்கு விழுங்கும் குளிசை அட்டை சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. தெய்வீக சுகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் அன்றைக்கும் அந்த அட்டையை அவர் ஒளிப்பதில்லை. செல்லச்சாமி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பாஸ்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொண்டது சிங்களத்தில்.

"நீங்க அரைத் தூக்கத்தில இருந்தீங்க. சரி," என்றார் பாஸ்டர். "தூங்குற ஆளோட வாயை ஆவியானவர் எடுத்துப் பாவிக்கக் கூடாதா?"

"பாவிக்கலாம் பாஸ்டர். ஆனா அந்த வசனம் எங்க இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு தெரியாதுன்னு சொல்ல ஏலாது."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். திங்கட்கிழமையே பேச்சியம்மாவுக்கு டெலிபோன் எடுத்து, தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் பேசினாராம். சுகம் கர்த்தரிடம் இருந்து வந்தாலும் டாக்டர்களும் அவருடைய கைதான், நீ போய் ஆஸ்பத்திரியில் சேர் என்று சொன்னாராம். "அவ என்ன சொன்னா தெரியுமா? பாஸ்டர், நீங்க மனுஷனாப் பேசுறீங்க, அன்னைக்குப் பேசினது கர்த்தர், அப்படின்னா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

பிறகு எழுந்து போய்ச் சுவர்ப் பலகையின் முன்னால் நின்றார். ஒன்பதாவது வசனத்தைக் காட்டினார். சபையில் சொல்லப்படும் தீர்க்கதரிசன வார்த்தைகளை எல்லாம் நிதானித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. செல்லச்சாமியின் தமிழ்தான்.

"எழுதி மாட்டி வச்சிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் நிதானிக்கல்ல. மொதல்ல அல்லேலூயா சொன்னவன் நான்." பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். "வாற ஞாயிறு இத நானே சபையில சொல்றேன். இப்ப அவகிட்டப் போவோம், நானும் வாறேன்."

"வேணாம் பாஸ்டர். சொன்ன வாய்தான் போய்ச் சொல்லணும்."

பேச்சியம்மாவின் வாடகை அறை சந்திக்குப் பின்பக்கம் இருந்தது. இராச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழியும் நேரம். அடுப்பில் நீராவி போய்க்கொண்டிருக்க, அவள் உரலை இடது கையில் பிடித்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துப் பிழிந்தாள். வலது கையைத் தூக்கும்போது முகம் சுருங்கியது. செல்லச்சாமியைக் கண்டதும் அந்தச் சுருக்கம் விரிந்தது.

"வாங்கண்ணே. நானே ஒங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன். ரெண்டு நாளா நல்லாத் தூங்குறேன். அக்கா செத்த நாள்ல இருந்து இப்படித் தூங்கினதில்ல."

அதைக் கேட்டபிறகு சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். செல்லச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிறகு சொன்னார். சாட்சிக்கூட்டில் நிற்பவரைப்போல முறையாகச் சொன்னார். வழக்கு என்ன, கேள்வி என்ன, எத்தனை நாள், எத்தனை தரம், தன் தூக்கம், நாவலப்பிட்டிச் சாவீடு, திங்கட்கிழமை முதுகில் ஏறிய குளிர். எதையும் விடவில்லை.

பேச்சியம்மா பிழிவதை நிறுத்தவில்லை. ஒரு தட்டு நிறைந்தது, அடுத்த தட்டை எடுத்தாள்.

"ஒங்களுக்கு விசுவாசம் பத்தாதுண்ணே," என்றாள். "கர்த்தர் குடுத்ததக் கையில வச்சுக்கிட்டு இல்லங்கிறீங்க. ஒங்களுக்கு அபிஷேகம் இல்லாம இருந்ததும் அதனாலதான்."

அது சுட்டது. அவர் தலையை ஆட்டினார். "இருக்கலாம்மா. ஆனா அன்னைக்குச் சொன்னது நான் கோட்டுல சொல்ற வசனம். அது எனக்கு நிச்சயம். வேதத்து மேல கை வச்சுச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்."

உரல் நின்றது. பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப கர்த்தர் எனக்கு ஒண்ணுமே சொல்லல்லையாண்ணே?"

செல்லச்சாமியின் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது. மகளே, ஆஸ்பத்திரிக்குப் போ, நான் உன்னோடு வருகிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். அந்தக் குரல் அவருக்குக் கைவந்த குரல். கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தொனியில் அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதும், பேச்சியம்மா இப்போதே பையைக் கட்டிவிடுவாள். உயிர் தப்பும். யாருக்கு என்ன நட்டம்? அவர் உண்மையாகவே வாயைத் திறந்தார். அந்த வசனம் அவரிடம் யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல."

அவள் அழவில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீராவியில் வைத்து மூடினாள். இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லச்சாமி எழுந்து வெளியே வந்தார். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, வரமும் போய், அவளையும் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது என்றே நினைத்தார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று வீடு சேரும்வரை மனம் அடித்துக்கொண்டது.

புதன்கிழமை விடிந்து, அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பாப்பம்மா கூப்பிட்டாள். வாசலில் பேச்சியம்மா நின்றாள். கையில் ஒரு துணிப்பை, ஒரு போத்தல் சுடுதண்ணீர், நீல நிறக் கிளினிக் அட்டை.

"ராவெல்லாம் ஜெபம் பண்ணினேன். ஒரு சத்தமும் கேக்கல்ல," என்றாள். "அக்காவுக்கு ஒப்பரேஷன் செஞ்சப்ப டாக்டர்மார் சொன்னது எங்களுக்கு விளங்கல்ல. சிங்களத்துல என்னமோ சொன்னாங்க, நாங்க தலைய ஆட்டினோம். சாவு வரலாம்னு சொன்னாங்களா, வராதுன்னு சொன்னாங்களா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்க ஒங்க பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு வந்து உள்ளதச் சொன்ன மனுஷன். நீங்க கூட வந்து, அவங்க சொல்றத அப்படியே சொல்றதா இருந்தா நான் போறேன்."

சவர்க்கார நுரை பாதி முகத்தில் இருக்க, செல்லச்சாமி நீதிமன்றத்துக்கு டெலிபோன் எடுத்து இரண்டு நாள் லீவு சொன்னார். பாப்பம்மா பேச்சியம்மாவின் பையை வாங்கிப் பார்த்து, தன்னுடைய ஒரு சேலையையும் துவாயையும் உள்ளே வைத்தாள். வைக்கும்போது அவள் உதடுகள் அந்த விளங்காத பாஷையில் அசைந்துகொண்டிருந்தன. செல்லச்சாமி அதை இந்த முறை பொறாமையில்லாமல் பார்த்தார்.

பெண்கள் வார்ட்டில் மத்தியானத்துக்குப் பிறகுதான் டாக்டர் வந்தார். இளம் சிங்களப் பெண், மூன்று நாள் தூங்காத முகம். கட்டிலின் ஓரத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். செல்லச்சாமி கட்டிலின் மறுபக்கம் நின்றார், வழக்கம்போல் இரண்டடி பின்தள்ளி.

"நாளைக்குக் காலையில நான் உங்களுக்கு மயக்கம் குடுத்து அந்தக் கட்டிய எடுப்பேன்," என்றார் செல்லச்சாமி, டாக்டருக்காக. "எடுத்துப் பரிசோதிச்ச பிறகு, மார்பையும் எடுக்க வேண்டி வரலாம். அப்படி வந்தா இன்னொரு நாள் உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் செய்வேன். காயம் ஆற ரெண்டு கிழமை போகும்."

பேச்சியம்மா அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாவு வருமான்னு கேளுங்க."

அவர் கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேச்சியம்மாவை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்.

"மெத்தக் குறைவு. ஆனா ஒருபோதும் வராதுன்னு என்னால சொல்ல ஏலாது," என்றார் செல்லச்சாமி. "செய்யாம விட்டா அது கட்டாயம் பரவும். அத என்னால நிச்சயமாச் சொல்ல முடியும்."

டாக்டர் படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார். பேச்சியம்மா பேனாவை வாங்கவில்லை.

"பயப்படாதேன்னு சொன்னாங்களாண்ணே?"

செல்லச்சாமி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலில் யாரோ முனகினார்கள்.

"இல்லம்மா," என்றார். "அத அவங்க சொல்லல்ல."

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். கண் நிறைந்து, முதல்முறையாக வழிந்தது.

செல்லச்சாமி அந்த இரண்டடியைக் கடந்து கட்டிலருகே வந்தார். தொண்டை அடைத்தது, இந்த முறை யாருடைய கதைக்காகவும் இல்லை. நீதிமன்றத்திலும் சபையிலும் எத்தனையோ ஆயிரம் தரம் 'நான்' என்று சொன்ன வாய், இப்போது அந்தச் சொல்லை எடுக்கத் தடுமாறியது.

"நான் சொல்றேன், பேச்சியம்மா. கர்த்தர் சொல்லி அனுப்பல்ல, டாக்டரும் சொல்லல்ல. நான், செல்லச்சாமி, சொல்றேன். பயப்படாதீங்க. நாளைக்கு நீங்க கண் முழிக்கிற வரைக்கும் அந்தக் கதவுக்கு வெளியில இருப்பேன்."

டாக்டர் பேனாவை ஆட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் என்ன பேசுகிறீர்கள், நான் சொல்லாத எதையாவது சொன்னீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாம், டாக்டர்," என்றார் செல்லச்சாமி. "கடைசியாச் சொன்னது நான் சொன்னது."

பேச்சியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். வலது கையைத் தூக்க நோகுமென்பதால் படிவத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.